கப்பம் வசூலித்துக் கொடுத்தவர்கள் பேரரசர் ஆன கதை

ரஷ்யா ஏன் இவ்வளவு பெரிய நாடாக இருக்கிறது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். கிழக்கே ஆளில்லாத வெட்டவெளி கிடந்தது, போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்பது ஒன்று. இவான், பீட்டர் போன்ற இரும்புக்கை மன்னர்கள் அடுத்தடுத்து வாய்த்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஆளில்லாத இடம் என்று சொல்லப்படும் அந்தக் காடுகளில் ஹாந்தி, மான்சி, எவென்கி, சாஹா, புரியாத், யுகாகிர், சுக்சி என்று எத்தனையோ மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் மந்தை மேய்த்தும் வாழ்ந்தார்கள். மன்னர்கள் விஷயத்தில், மிகக் கொடியவன் என்று பெயரெடுத்த நான்காம் இவான் தன் கடைசிக் காலத்தில் மேற்கே நடந்த போரில் பிடித்ததையெல்லாம் இழந்தவன். அவனுக்குப் பின் நாடே சிதறும் நிலைக்கு வந்தது. அப்போதும் கிழக்கே எல்லை நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

பல வருடங்களாக இந்த வரலாற்றைப் படித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: இந்தப் பேரரசை எழுப்பியது வாள் பாதி, வசூல் கணக்கு பாதி. அந்தக் கணக்கை மாஸ்கோ கற்றுக்கொண்டது தன்னை அடக்கி வைத்திருந்த மங்கோலியரிடம்.

1237-இல் பாத்து கானின் படை ரியாசான் நகரத்தை அழித்தது. 1240-இல் கீவ் வீழ்ந்தது. வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் சராய் என்ற தலைநகரை அமைத்துக்கொண்ட கான்கள் ரஷ்ய நிலத்தில் குடியேறி ஆளவில்லை. காடும் சதுப்புமான அந்த நிலம் அவர்களுடைய குதிரைகளுக்குத் தோதானதல்ல. அவர்களுக்கு வேண்டியது கப்பம். அதற்காக ஆட்களை எண்ணினார்கள். 1250-களின் இறுதியில் நடந்த அந்தத் தலைக்கணக்கெடுப்பை நோவ்கொரோத் நகரம் எதிர்த்தது. எதிர்ப்பை அடக்கி, கணக்கெடுப்பவர்களை ஊருக்குள் விடச் செய்தவர், இன்றுவரை ரஷ்யாவின் புனிதராகவும் வீரராகவும் போற்றப்படும் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி. ஸ்வீடன்காரர்களையும் ஜெர்மானிய வீரர்களையும் வென்றவர் கானிடம் தலைவணங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எதிர்த்த நகரங்களுக்கு என்ன கதி நேர்ந்தது என்று அவர் பார்த்திருந்தார். அவருடைய கடைசி மகன் தனீலுக்குப் பங்காகக் கிடைத்த சிற்றூர்தான் மாஸ்கோ. ஏடுகளில் அதன் பெயர் முதன்முதலாக வருவதே 1147-இல்தான். பெரிய வம்சத்தின் கடைசிப் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க அளவுக்குத்தான் அதன் மதிப்பு இருந்தது.

அன்று மாஸ்கோவைவிட வலுவாக இருந்தது த்வேர். வோல்காவின் மேல்கரையில் இருந்த வணிக நகரம். கான் கொடுக்கும் பட்டயம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பெருங்கோமகன், அவர்தான் மற்ற கோமகன்களுக்கு மேல். அந்தப் பட்டயத்துக்காக இரண்டு வீட்டாரும் சராய்க்கு நடையாய் நடந்தார்கள், ஒருவர்மீது ஒருவர் கோள் சொன்னார்கள், சிலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். 1327 ஆகஸ்டில் த்வேரில் ஒரு சம்பவம். துத்கோ என்ற தேவாலய ஊழியர் கொழுத்த இளம் பெண்குதிரை ஒன்றைத் தண்ணீர் காட்ட ஆற்றுக்கு ஓட்டிப் போனார் என்றும், கானின் ஆட்களான தாத்தார்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றும், அவர் போட்ட கூச்சலில் ஊரே திரண்டது என்றும் ஏடு சொல்கிறது. அன்றே கானின் உறவினனான தூதனையும் அவன் ஆட்களையும் ஊர்மக்கள் கொன்றார்கள்.

மாஸ்கோ கோமகன் முதலாம் இவான் உடனே சராய்க்கு விரைந்தார். உஸ்பெக் கான் கொடுத்த பெரும்படையோடு திரும்பி வந்து த்வேரைச் சூறையாடினார். அதற்குப் பரிசாகப் பட்டயம் கைக்கு வந்தது, சில ஆண்டுகளில் முழு அதிகாரத்தோடு. அதன்பின் ரஷ்யக் கோமகன்கள் கானுக்குச் செலுத்தவேண்டிய கப்பத்தையெல்லாம் சேர்த்து அனுப்பும் பொறுப்பு மாஸ்கோவுடையது. இதற்கு முன் வசூலுக்கென்று மங்கோலிய அதிகாரிகள் ஊர் ஊராக இருந்தார்கள். இப்போது இடையில் நின்றவர் இவான். எவ்வளவு வசூலானது, எவ்வளவு சராய்க்குப் போனது என்பது அவர் கைக்குள் இருந்தது. கப்பம் கட்ட முடியாதவர்களுக்குக் கடன் கொடுத்தார், ஊர்களை விலைக்கு வாங்கினார். மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘கலிதா’, பணப்பை. திருச்சபையின் தலைவரும் மாஸ்கோவுக்கே குடிவந்தார். வசூல் இருந்த இடத்துக்கு மதமும் வந்து சேர்ந்தது.

கலிதாவின் பேரன் திமீத்ரி 1380-இல் குலிக்கோவோ களத்தில் மங்கோலியத் தளபதி மாமாயின் படையைத் தோற்கடித்ததை ரஷ்யர்கள் விடுதலையின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டே ஆண்டில் தோக்தாமிஷ் கான் வந்து மாஸ்கோவை எரித்தான், கப்பம் மீண்டும் தொடர்ந்தது. எனக்கு அந்தப் போரைவிடவும் முக்கியமாகப் படுவது, 1389-இல் திமீத்ரி எழுதிவைத்த உயில். அதில் பெருங்கோமகன் பதவியைக் கானைக் கேட்காமலே தன் சொத்தாக மகனுக்கு எழுதுகிறார். கூடவே இன்னொரு வாசகம்: கடவுள் அருளால் கான்களின் நிலை மாறி, கப்பம் அனுப்ப வேண்டாத காலம் வந்தால், பிள்ளைகள் அவரவர் பங்கு நிலத்தில் வசூலாகும் கப்பத்தை அவரவரே வைத்துக்கொள்ளட்டும். கான்களின் காலம் முடிந்தால் கப்பமும் முடியும் என்று அவர் நினைக்கவே இல்லை. வாங்குகிற கை மாறும், அவ்வளவுதான். பின்னால் வரப்போகும் நானூறு ஆண்டு ரஷ்ய விரிவாக்கத்தின் வித்து அந்த ஒரு வரியில் கிடப்பதாக எனக்குத் தோன்றும்.

மூன்றாம் இவான் காலத்தில் (1462–1505) அந்த நாள் வந்தது. 1480 இலையுதிர் காலத்தில் அகமது கான் படையோடு உக்ரா ஆற்றங்கரைக்கு வந்தான். எதிர்க்கரையில் இவானின் படை. வாரக்கணக்கில் இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஆறு உறையத் தொடங்கியதும் கான் திரும்பிப் போய்விட்டான். மங்கோலிய ஆட்சி முடிந்த நாளாகப் பாடநூல்கள் குறிப்பது இதைத்தான். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1478-இல், இவான் அதைவிடப் பெரிய பிடியைப் பிடித்துவிட்டார். அதுதான் நோவ்கொரோத்.

நோவ்கொரோத் ஒரு வணிகக் குடியரசு. ஊர்ச்சபை மணி அடித்தால் மக்கள் கூடுவார்கள். கோமகனை வரவழைக்கவும் விரட்டவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களுடைய செல்வம் காட்டு விலங்குகளின் மென்மயிர்த் தோல். வெண்கடல் முதல் உரால் மலைவரை பரந்த வடகாடுகளில் அணில் தோலும் மற்றத் தோல்களும் திரட்டி ஜெர்மானிய வணிகர்களுக்கு விற்றார்கள். இவான் அந்தச் சபை மணியைக் கழற்றி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார், நிலக்கிழார்களின் சொத்துகளைப் பறித்தார். அந்தக் காடுகளின் தோல்வரியும் மாஸ்கோவுடையதாயிற்று. 1499-இலேயே மாஸ்கோவின் படை உராலைப் பனிக்காலத்தில் தாண்டிப் போய் அங்குள்ள மக்களிடம் கப்பம் கேட்டிருக்கிறது. சைபீரியாவுக்குப் போகும் பாதை நோவ்கொரோதின் கதவு வழியாகத்தான் திறந்தது. அந்த மணி ஓசை நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடும். ரஷ்யா வேறு மாதிரி ஆகியிருக்கக்கூடிய ஒரு வழி அங்கே அடைபட்டது.

அடுத்த கட்டம் கசான். மங்கோலிய ஆட்சி உடைந்தபின் வோல்கா பக்கத்தில் எழுந்த தாத்தார் கானரசின் தலைநகரம். நான்காம் இவான் 1547-இல் சார் என்று முடிசூடிக்கொண்டான். ரஷ்யர்கள் அதுவரை பைசாந்தியப் பேரரசரையும் மங்கோலியக் கானையும் குறிக்கப் பயன்படுத்திய பட்டம் அது. அதை எடுத்துக்கொண்டவனுக்கு ஒரு கானின் அரியணையாவது வேண்டும். கசான்மீது முன்பு எடுத்த படையெடுப்புகள் தூரத்தாலும் தட்பவெப்பத்தாலும் தோற்றன. பக்கத்தில் தங்க இடமில்லாமல் படை அலைக்கழிந்தது. ஆகவே 1551-இல் ஒரு காரியம் செய்தார்கள். வோல்காவின் மேல்பகுதியில் உக்லிச் பக்கத்துக் காடுகளில் மரங்களை வெட்டி, ஒரு முழுக் கோட்டைக்கான சுவர்களையும் கோபுரங்களையும் அங்கேயே பொருத்திப் பார்த்து, அடையாளமிட்டுக் கழற்றி, பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிட்டார்கள். கசானிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில், ஸ்வியாகா நதி வோல்காவில் கலக்கும் இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரத்தில் அந்தக் கோட்டையை மறுபடி எழுப்பிவிட்டார்கள். ஸ்வியாஷ்ஸ்க் என்ற அந்த ஊர் இன்றும் இருக்கிறது.

மறு ஆண்டு ஆகஸ்டில் முற்றுகை தொடங்கியது. நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுபோன சுரங்கவழியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1552 அக்டோபர் 2 அன்று மதிலுக்குக் கீழே வைத்த வெடிமருந்து பேசியது. உள்ளே புகுந்த படை செய்த கொலைக்கு அளவில்லை. பிழைத்த தாத்தார்களை மதிலுக்கு வெளியே குடியேற்றினார்கள். சுற்றுவட்டாரத்து மாரி, சுவாஷ், உத்மூர்த்து மக்களும் தாத்தார்களும் பல வருடம் கிளர்ந்தெழுந்து போராடினார்கள். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் வண்ணக் குமிழ்களோடு நிற்கும் புனித பசீல் தேவாலயம் இந்த வெற்றிக்காகக் கட்டியது. படத்தில் அதைப் பார்க்கும்போது கசானின் இடிந்த மதிலும் சேர்ந்தே என் நினைவுக்கு வரும்.

1556-இல் வோல்காவின் முகத்துவாரத்தில் இருந்த இன்னொரு கானரசான அஸ்த்ராகானும் விழுந்தது. வோல்கா முழுக்க ஒரே அரசின் ஆறு ஆயிற்று. அதன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொள்ள அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தைய த்வேர் வணிகர் அஃபனாசி நிக்கித்தினை நினைத்துப் பார்க்கலாம். 1460-களின் இறுதியில் வோல்கா வழியே புறப்பட்டவரை அஸ்த்ராகான் அருகே கொள்ளையடித்தார்கள். சரக்கை இழந்தவர் ஊர் திரும்ப வழியில்லாமல் பாரசீகம் போய், ஹோர்முஸிலிருந்து கப்பலேறி நம் தக்காணத்துக்கு வந்து, பாமினி சுல்தான்களின் பீதாரில் தங்கி எழுதிவைத்த பயணக் குறிப்பு இன்றும் இருக்கிறது. அஸ்த்ராகான் மாஸ்கோவின் கைக்கு வந்தபின், 17-ஆம் நூற்றாண்டில், அங்கே இந்திய வணிகர்களுக்கென்றே தனி விடுதி இயங்கியது. பெரும்பாலோர் முல்தான், பஞ்சாப் பக்கத்தவர்.

இத்தனைக்கும் நடுவில் மாஸ்கோ தானும் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. தெற்கே கிரிமியக் கான்கள் ஆண்டுதோறும் படையெடுத்து வந்து ஆட்களைப் பிடித்துப்போய் அடிமைச் சந்தையில் விற்றார்கள். 1571-இல் தெவ்லெத் கிராய் மாஸ்கோ நகரத்தையே எரித்தான். அவர்களைச் சமாதானப்படுத்த ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் பணமும் தோல்களும் போய்க்கொண்டே இருந்தன. பிடிபட்டவர்களை மீட்பதற்கென்றே குடிமக்களிடம் தனி வரி வாங்கினார்கள். 1649 சட்டத் தொகுப்பில் அதற்கு ஒரு தனி அதிகாரமே உண்டு. கிரிமியாவுக்குக் கொடுக்கும் கடமை 1700-ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் ஒழிந்தது. கிழக்கே வாங்கிய தோலில் ஒரு பங்கு தெற்கே கப்பமாகப் போயிற்று என்று சொல்வது மிகையாகாது.

கிழக்கே வருவோம். கசான் விழுந்த செய்தி கேட்டு, இர்த்திஷ் ஆற்றங்கரையில் இருந்த சைபீரியக் கான் எதிகர் 1555-இல் தானாகவே மாஸ்கோவுக்கு ஆளனுப்பி, ஆளுக்கொரு சேபிள் தோல் கட்டுவதாக ஒப்புக்கொண்டான். கீரிப்பிள்ளை அளவே இருக்கும் சேபிளின் கருத்த, மெத்தென்ற தோலுக்கு ஐரோப்பாவிலும் துருக்கியிலும் பாரசீகத்திலும் தங்கத்தின் மரியாதை. வந்து சேர்ந்தவை எழுநூறு தோல்கள்தான். சார் கோபப்பட்டான். பிறகு எதிகரை வீழ்த்திய குச்சும் கான் கப்பத்தையே நிறுத்தினான். எல்லைப்புறப் போர்வீரர்களான கொசாக்குகளின் தலைவர் யெர்மாக் உராலைத் தாண்டியதற்குப் பின்னணி இந்தப் பாக்கி.

யெர்மாக்கை அனுப்பியவர்கள் ஸ்த்ரோகனோவ் குடும்பத்தார். உப்பு காய்ச்சிப் பணம் சேர்த்தவர்கள். காமா ஆற்றுப் பகுதியில் 1558-இல் பெருநிலம் பட்டயமாகப் பெற்றவர்கள். சில நூறு கொசாக்குகளோடு போன யெர்மாக் 1582-இல் குச்சுமின் தலைநகரைப் பிடித்தார். 1585-இல் இரவுத் தாக்குதல் ஒன்றில் ஆற்றில் மூழ்கி இறந்தார். மிஞ்சியவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அதாவது புகழ்பெற்ற அந்தப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. சைபீரியாவைப் பிடித்தவர்கள் அவருக்குப் பின் சத்தமில்லாமல் வந்து மரக்கோட்டை கட்டியவர்கள்: 1586-இல் தியூமென், 1587-இல் தொபோல்ஸ்க்.

சைபீரியாவின் பேராறுகளான ஓப், எனிசெய், லேனா மூன்றும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றன. கிழக்கே போகிறவனுக்கு அவை தடைகள் என்றுதான் தோன்றும். ஆனால் அவற்றின் கிளையாறுகள் கிழக்கும் மேற்குமாகக் கை நீட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஓப் ஆற்றின் கிளையான கேத்தில் ஏறிப் போய், படகைத் தரையில் சிறிது தூரம் இழுத்தால் எனிசெய். அங்கிருந்து அங்காரா, இலிம் வழியாகப் போய் மறுபடி படகை இழுத்தால் லேனா. இப்படி இழுக்கும் இடங்களின் இரு முனையிலும் ஒரு கோட்டை. 1604-இல் தோம்ஸ்க், 1619-இல் எனிசெய்ஸ்க், 1632-இல் யாகுத்ஸ்க். 1639-இல் இவான் மொஸ்க்வித்தினும் சுமார் முப்பது பேரும் பசிபிக்கின் ஒகோத்ஸ்க் கடற்கரையில் நின்றார்கள். யெர்மாக்கிலிருந்து கணக்கிட்டால் 57 ஆண்டுகள். இதற்கு இடையில் மாஸ்கோவில் வாரிசுச் சண்டை, பஞ்சம், போலந்துப் படை கிரெம்ளினில் குந்தியிருந்த காலம், 1613-இல் ரொமானோவ் வம்சம் என்று எல்லாம் நடந்து முடிந்தன.

அவர்களை ஓட ஓட விரட்டியது தோல். ஒரு வட்டாரத்துச் சேபிள்கள் சில பத்தாண்டுகளில் அருகிவிடும். அடுத்த ஆற்றுக்குப் போயாக வேண்டும். போன இடமெல்லாம் யாசாக் என்ற கப்பம். அந்தப் பெயரும் மங்கோலியத் துருக்கியரிடம் வாங்கியதே. முறையும் அப்படித்தான்: முதலில் குலத்தலைவரைச் சத்தியம் செய்ய வைப்பார்கள். அவருடைய மகனையோ தம்பியையோ பிணையாளாகக் கோட்டைக்குள் அடைப்பார்கள். பனிக்காலத்தில் உறவினர்கள் தோல்களோடு வந்தால் பிணையாளை வெளியே கொண்டுவந்து உயிரோடு இருப்பதைக் காட்டுவார்கள். தோல்களை எண்ணி ஏட்டில் பதிவார்கள். பதிலுக்கு மணிகள், செப்புப் பாத்திரம், ரொட்டி. ஞானஸ்நானம் பெற்றவர் யாசாக் பட்டியலிலிருந்து விடுபடுவார் என்பதால், 17-ஆம் நூற்றாண்டில் மாஸ்கோ அவர்களை மதம் மாற்றப் பெரிதாக முனையவும் இல்லை. ஆத்மாவைக் காப்பாற்றினால் வரவு குறையும்.

“கடுமையாக அல்ல, கனிவாக வாங்குங்கள்” என்று மாஸ்கோவிலிருந்து ஆளுநர்களுக்குத் திரும்பத் திரும்ப உத்தரவு போனது. அது வெறும் வேஷம் என்று நான் நினைக்கவில்லை. செத்தவன் கப்பம் கட்டமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மாஸ்கோவுக்கும் லேனாவுக்கும் இடையே பல மாதப் பயணம். யாகுத்ஸ்க் ஆளுநர் பியோத்தர் கொலோவின் சாஹா மக்களின் ஆட்களையும் மாடுகளையும் எண்ணத் தொடங்கியபோது, 1642-இல் அவர்கள் எழுந்தார்கள். சித்திரவதையாலும் தூக்குக்கயிற்றாலும் அவர் அதை அடக்கினார். முதன்முதல் கணக்கெடுப்பை நோவ்கொரோத் எதிர்த்ததே, அதே அச்சம்தான் இங்கும். எண்ணப்படுகிறவர்களுக்கு எண்ணுவதன் பொருள் எப்போதும் தெரியும். எண்ணும் இடத்தில் மட்டும் ரஷ்யர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூடவே வந்த பெரியம்மை, எந்த எதிர்ப்பாற்றலும் இல்லாத அந்த மக்களில் குலம் குலமாகக் கொண்டுபோயிற்று. செத்தவர்களின் பங்கையும் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்ட ஊர்கள் உண்டு.

ஏட்டின் இந்தப் பக்கம் இருந்தவர்களும் சுகப்படவில்லை. 1648-இல் ஆசியாவின் வடகிழக்கு முனையைக் கடல்வழியே சுற்றிவந்த செமியோன் தெஷ்னெவ், பின்னால் பெரிங் பெயர் பெற்ற நீரிணையை எண்பது வருடம் முன்பே கடந்தவர். தொண்ணூறு பேர் அளவில் போன குழுவில் மிகச் சிலரே பிழைத்தார்கள். அவர் மாஸ்கோவுக்குப் போனது தன் கண்டுபிடிப்பைச் சொல்வதற்காக இல்லை. பத்தொன்பது ஆண்டுச் சம்பளப் பாக்கியைக் கேட்கப் போனார். ஒரு பகுதி பணமாகவும் மீதி துணியாகவும் கிடைத்தது. அவருடைய அறிக்கை யாகுத்ஸ்க் ஆவணக் கட்டுகளில் 1736-ஆம் ஆண்டுவரை யாரும் தேடாமல் கிடந்தது.

ஆமூர் ஆற்றங்கரையில்தான் இந்த ஓட்டத்துக்கு முதன்முறையாக ஒரு சுவர் குறுக்கே வந்தது. அங்கே கப்பம் கேட்கப் போனவர்கள், சீனத்தின் சிங் பேரரசுக்கு ஏற்கெனவே திறை கட்டுகிறவர்களிடம் கேட்டுவிட்டார்கள். 1689-இல் நெர்ச்சின்ஸ்கில் உடன்படிக்கை. இடையே மொழிபெயர்த்தவர்கள் பெய்ஜிங் அரசவையின் ஏசுசபைப் பாதிரிகள், உடன்படிக்கையின் மூல வாசகம் லத்தீனில். ரஷ்யர்கள் ஆமூரை விட்டுக்கொடுத்துச் சீனத்தோடு வணிக உரிமையை வாங்கிக்கொண்டார்கள். நிலம் போனாலும் தோல் விற்க ஒரு பெரிய சந்தை கிடைத்தது.

மேற்குப் பக்கக் கதை பலரும் எழுதியதுதான். 1654-இல் கொசாக் தலைவர் ஹ்மெல்னீத்ஸ்கி சாரின் பாதுகாப்பை ஏற்றார். போலந்தோடு நடந்த நீண்ட போருக்குப் பின் உக்ரைனின் கிழக்குப் பாதியும் கீவும் மாஸ்கோவுக்கு வந்தன. பீட்டர் 1703-இல் பீட்டர்ஸ்பர்கை எழுப்பினார், 1709-இல் பொல்தாவாவில் ஸ்வீடனை முறித்தார், 1721-இல் பேரரசர் என்ற பட்டம் சூடினார். பால்டிக் கரைக்காக ஸ்வீடனுக்கு இருபது லட்சம் வெள்ளி நாணயம் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். படையை நிறுத்தப் பணம் வேண்டுமே. வரி கட்டவேண்டிய வகுப்புகளின் ஆண்கள் அத்தனை பேரையும் எண்ணி, 1724 முதல் தலைக்கு 74 கொபெக் வரி. ஐரோப்பிய உடுப்பும் தாடி மழிப்புமாக எல்லாமே புதிதாகத் தெரிந்த அந்த ஆட்சியின் அடித்தளம் மங்கோலியர் காலத்துத் தலைக்கணக்குதான்.

சைபீரியாவின் யாசாக் மக்களை அந்தத் தலைவரியில் சேர்க்கவில்லை. அவர்கள் தோலிலேயே கட்டி வந்தார்கள். கட்ட மறுத்தவர்கள் சுக்சிகள். சத்தியம் செய்ய மாட்டார்கள், பிணையாளைப் பிடித்தால் அவனைக் கைவிட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். 1747-இல் தளபதி பாவ்லுத்ஸ்கியையே கொன்றார்கள். 1760-களில், சுக்சிகளின் எல்லையில் இருந்த அனடிர் கோட்டையின் வரவுசெலவைக் கூட்டிப் பார்த்தார்கள். தொடக்கம் முதல் ஆன செலவு 13 லட்சத்து 80 ஆயிரம் ரூபிளுக்கு மேல். கிடைத்த யாசாக் 29 ஆயிரம் ரூபிள் சொச்சம். 1771-இல் கோட்டையைக் கைவிட்டுப் படை பின்வாங்கியது.